மூட்டம் விலகட்டும் என்று சொன்ன நாள்

கருப்பி நேற்றுக் காலை செத்துப்போனது. கடைக்குப் பின்னால் நானே குழி தோண்டிப் புதைத்தேன். இரண்டு தரம் சோப்புப் போட்டும் கையில் ஈரநாய் வாசம் போகவில்லை. உன் நாய் போன சேதியை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தோம். நீ தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போனாய். நான் கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்து லயம் லயமாக ஏறி இறங்கி, வட்டகொடை ஸ்டேஷன் ரோட்டில் கடை போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கருப்பியோடு முயலுக்குப் போவோம். ஒருநாள் சரக்கு இறக்கிவிட்டு உச்சி வெயிலில் வந்து நின்றேன்.

"மொயல் புடிக்க வந்தியா, வடகம் காய வைக்க வந்தியா மொதலாளி?" என்று சிரித்தாய். "வெயிலும் காத்தும் சேந்தா மோப்பம் நிக்காது. பனி மூட்டம் எறங்கணும். அப்பதான் புல்லோட ஒட்டிக் கெடக்கும்."

"மழை பெஞ்சா?"

"தூத்தல்னா நல்லது. பெருமழை கழுவிக்கிட்டுப் போயிரும். ஒங் கடைத் தராசு மாதிரி, கொஞ்சம் அசைஞ்சாலும் தப்பு."

"என் தராச எதுக்குடா இழுக்குற!"

நீ காணாமல்போன ஞாயிற்றுக்கிழமை கருப்பியின் காலில் முள். அதை வீட்டில் விட்டுவிட்டு விறகுக்குத் தனியாகப் போனாய். மத்தியானம் உன் மனைவி நாயை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"அண்ணே, போனவரு இன்னும் வரல. இத அவுத்து விட்டுப் பாருங்க."

"இந்த மூட்டத்துல கைய நீட்டுனா கை தெரியல தங்கச்சி. கொஞ்சம் வெளுக்கட்டும். ஆள் சேத்துக்கிட்டுப் போவோம்."

ஆள் சேர்த்தேன். கயிறு எடுத்தேன். எல்லாம் முறையாகத்தான் செய்தேன். நாங்கள் புறப்படும்போது நல்ல வெயில், மேலே காற்று. கருப்பி நொண்டிக்கொண்டே தேயிலை முடியும் இடம்வரை மூக்கைத் தரையில் வைத்து ஓடியது. புல்வெளியில் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு நின்று என்னைப் பார்த்தது. நீ சொன்னது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை பாறைக்குக் கீழே, ஓடைப் பள்ளத்தில் கிடந்தாய். தொடை முறிந்திருந்தது. உயிர் இல்லை; ஆனால் கை இன்னும் விறைக்கவில்லை, இரவெல்லாம் உயிரோடுதான் கிடந்திருக்கிறாய். கருப்பி நின்ற இடத்திலிருந்து அரை மைல்கூட இல்லையடா. நாங்கள் எதிர்ச்சரிவில் பொழுது சாயும்வரை தேடியிருக்கிறோம்.

கருமாதி முடிந்து உன் வீட்டுக்குப் போனேன். மறைக்கவில்லை.

"மூட்டத்துலயே அவுத்து விட்டிருக்கணும் தங்கச்சி. வெயில் வந்ததும் மோப்பம் போயிருச்சு."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "ஒங்களுக்கு அது முன்னாடியே தெரியுமாண்ணே?"

"தெரியும். அவன்தான் சொல்லியிருக்கான்."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் கிடந்த கருப்பியைக் காட்டினாள். "இத பாத்தா அவரு மொகந்தான் வருது. நீங்க கொண்டு போங்க."

நான் மடியைத் தடவினேன்.

"காசு வேணாம். இனிமே இந்த லயத்துப் பக்கம் நீங்க வரக் கூடாது. நல்லதுக்கும் வேணாம், கெட்டதுக்கும் வேணாம்."

பேரம் பேசியே பிழைத்த வாய் இது. அன்று அவள் சொன்ன விலைக்கே ஒத்துக்கொண்டேன். தலையாட்டினேன்.

ஒன்பது வருஷமாகிறது. உன் மகள் கல்யாணத்து மேளத்தை ரோட்டில் நின்றுதான் கேட்டேன். இப்போது நாயும் இல்லை. ஆனாலும் பேசினது பேசினதுதான்: நாய் எனக்கு, உன் வாசல் எனக்கு இல்லை.