தெருக்கோடியில் ஒரு வாசல்

அன்பு மகள் பார்கவிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டு, நல்லபடி இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஸ்ரீசரணும் ஹம்ஸினிக் குட்டியும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க நெல்லையப்பரும் காந்திமதி அம்மையும் கூடவே இருக்கட்டும். அடிக்கடி முகம் பார்த்துப் பேசுகிறோமே, இதில் தபால் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு காதை நம்மிடம் வைத்திருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி நான் என்னத்தைப் பேச. இப்போது சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார், குறட்டை கேட்கிறது, அதனால் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஐப்பசி மழை இந்த வருஷம் ஒழுங்காகப் பெய்கிறது. குறுக்குத்துறை ஆற்றில் கலங்கல் தண்ணீர் ஏறி வருகிறது என்று எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள், எனக்குத்தான் போக ஒழியவில்லை. பின்பக்கத்து முருங்கை காற்றில் ஒடிந்து ஆபிதா பீவி வீட்டுச் சுவர்மேல் விழுந்தது, அவள் கோபிப்பாள் என்று பார்த்தால் கீரையெல்லாம் பறித்துவிட்டுத்தான் எனக்கே சொல்லி அனுப்பினாள். அப்பாவுக்கு வலதுகால் முன்னைவிடத் தேவலை, கைதான் இன்னும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. பேச்சும் அப்படித்தான் இருக்கிறது. வார்த்தை உள்ளே சரியாக இருக்கிறது, வெளியே வரும்போது கூழாகிவிடுகிறது. எனக்கு எல்லாம் புரிகிறது, கேட்கிறவர்களுக்கு நான் எடுத்துச் சொல்லிவிடுகிறேன்.

கோயம்புத்தூர் முதியோர் குடியிருப்பைப் பற்றி நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். தை பிறந்ததும் போய்விடலாம் என்று உன்னிடம் தலையாட்டியவள் நான்தான். படங்களில் பார்த்தேன், லிஃப்ட் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறது, நடைபாதை நெடுகப் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கும் அலுத்துப் போயிற்று. அப்பா உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சித்திரையில் ஒருநாள் தனியாக ஜங்ஷன் போகிறேன் என்று பஸ் ஏறினார், போகிற இடத்தைச் சொல்ல வாய் குழறியிருக்கிறது. கண்டக்டர், காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டீரா வே, இறங்கும் என்று சொல்லி இறக்கிவிட்டுவிட்டான். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனுசர். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை, ஆபிதா பீவி மகன் அதே பஸ்ஸில் இருந்ததால்தான் எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து வெளி ஆட்கள் முன்னால் வாயைத் திறப்பதில்லை. சாயங்காலம் மட்டும் தெருக்கோடியில் இருக்கிற பொட்டலுக்குப் போய் வேலிக் கம்பியைப் பிடித்தபடி ஒரு சுற்று நடந்து, அவரோடு பட்டறையில் வேலை பார்த்த பழைய ஆட்கள் உட்கார்ந்திருக்கிற கல்லில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவார். அவருக்கு இப்போது உலகம் என்றால் அந்தப் பொட்டல்தான்.

அந்தப் பொட்டலில் பார்க் வரப்போகிறது என்று சொன்னேன் அல்லவா. ஆவணியில் கார்ப்பரேஷனிலிருந்து ஒரு பெண் வந்தாள், படித்த பிள்ளை, மதுரைப் பக்கம். உங்களுக்கு எப்படிப்பட்ட பார்க் வேணும், நீங்க சொன்னா அதை வச்சுத்தான் வரைவோம் என்று வீடு வீடாகக் கேட்டாள். நம் தெரு ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே. வெயிலில் நடந்து வந்த பிள்ளையிடம் போய் அது இல்லை இது இல்லை என்று யாராவது மூக்கால் அழுவார்களா. நான் காபியும் காரச்சேவும் கொடுத்தேன், ஆபிதா பீவி நன்னாரி சர்பத் கொடுத்தாள், கோடி வீட்டு பூதத்தான் அண்ணாச்சி இளநீர் வெட்டிக் கொடுத்தார். எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி, எங்களுக்கு என்னம்மா குறை, நீங்க பார்த்து எது செஞ்சாலும் சரிதான் என்று சொல்லி அனுப்பினோம். தங்கமான பிள்ளை என்று மெச்சிக்கொண்டோம். அவளும் நாங்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டாள், இந்தத் தெருவுக்கு எதுவும் தேவையில்லை என்று.

போன மாதம் பொட்டலில் படம் வரைந்து பெரிய போர்டு வைத்தார்கள். பார்த்தால் வயிறு எரிந்தது. நடுவில் சிமெண்டில் ஒரு அருவி. குற்றாலத்தையும் பாபநாசத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த ஊர்க்காரனுக்கு சிமெண்டு அருவி கேட்கிறது. முன்னால் ஊர்ப் பெயரை ஆளுயரத்துக்கு எழுதி, நின்று படம் பிடிக்க ஒரு மேடை. அதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். நம் தெரு வந்து சேருகிற இடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காம்பவுண்டுச் சுவர். வாசல் ஒன்றே ஒன்று, மெயின் ரோட்டுப் பக்கம். தெருவைச் சுற்றிக்கொண்டு, லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகிற ரோட்டில், நடைபாதையே இல்லாத ஓரத்தில் அப்பா எப்படிப் போவார். அவர் போர்டைப் பார்த்தார், சுவர் கோட்டின் மேல் இடதுகை விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார், வீட்டுக்கு வந்து, கோயம்புத்தூரே போவோம் என்று சொன்னார். எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம் வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நான் போகத்தான் போகிறேன் என்று கிளம்பினேன், அப்பா நானும் வருகிறேன் என்று ஜாடை காட்டி, வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். எஞ்சினீயர் ஒருவர் வந்திருந்தார், கூடவே அந்த மதுரைப் பிள்ளையும். நான் எழுந்து, தெருக்கோடியில் ஒரு சின்ன வாசல் வேண்டும் என்று சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு முகம் வாடிப் போயிற்று, நான் வந்தப்ப நீங்க ஒண்ணுமே சொல்லலியேம்மா என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். உன் வாய்க்குக் காரச்சேவைக் கொடுத்தோம், எங்கள் வாய்க்குப் பூட்டைப் போட்டுக்கொண்டோம் என்று நான் சொன்னதும் அவளே சிரித்துவிட்டாள்.

ஆனால் பூதத்தான் அண்ணாச்சி எழுந்து வாசலே கூடாது என்றார். வாசல் வச்சா பைக்கெல்லாம் என் வீட்டு முன்னால நிக்கும், பொழுது சாஞ்சா குடிகாரப் பயலுவ அந்த வழியாத்தான் உள்ள வருவானுவ, எனக்கு ரெண்டு பேத்திமாரு இருக்காளுவ, நான்லா வே முழிச்சிக்கிட்டுக் கிடக்கணும் என்று சொன்னார். அவரைச் சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பொட்டலில் எத்தனை பாட்டில் கிடக்கும் என்று உனக்கே தெரியும். நாலைந்து பேர் அவர் பக்கம் பேசினார்கள். எஞ்சினீயர், ரோட்டுப் பக்கம் போக முடியாதவர்கள் இந்தத் தெருவில் யார் யார் இருக்கிறீர்கள், கை தூக்குங்கள் என்றார். ஒரு கைகூட உயரவில்லை பார்கவி. ஆபிதா பீவி பகலெல்லாம் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிச் சுற்றி முட்டி மடங்காமல் கிடக்கிறாள், அவளும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் முன்னால் எனக்கு முடியவில்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும். எனக்கும் அப்பாவைக் காட்டிச் சொல்ல நாக்கு எழவில்லை.

அப்போது பின்னால் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. திரும்பினால் அப்பா எழுந்து நிற்கிறார். என்னவோ சொன்னார், ஒருவருக்கும் விளங்கவில்லை, முன்வரிசையில் புதிதாகக் குடிவந்த ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்தான். எஞ்சினீயர் என்னைப் பார்த்தார். வழக்கம்போல் எடுத்துச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன், அப்பா இடதுகையைத் தூக்கி என்னைப் பேசாதே என்று நிறுத்திவிட்டார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. பைய, ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்து, நான் குடிக்கல்ல, எனக்கு வாதம் என்று சொன்னார். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னார். வாசல் இங்கன வேணும், நான் வருவேன், நடந்து வருவேன். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனால் இடையில் அத்தனை பேர் இருந்தார்கள்.

முதலில் ஆபிதா பீவி எழுந்தாள், எனக்கும் முட்டு முடியல்ல, நானும் அந்த வழியாத்தான் வருவேன் என்றாள். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். பூதத்தான் அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கடைசியில், வாசல் வைங்க, பைக் நுழையாத மாதிரி கம்பி நட்டு வைங்க, சாவியை எங்கிட்டக் குடுங்க, இருட்டினதும் நான் பூட்டிக்கிடுதேன் என்றார். அந்த மதுரைப் பிள்ளை பென்சிலை எடுத்து, தான் வரைந்து கொண்டுவந்திருந்த படத்தில் சுவர்க் கோட்டை ரப்பரால் அழித்து அந்த இடத்தில் ஒரு வாசல் போட்டாள். எஞ்சினீயர் மேலே கேட்டுத்தான் சொல்ல முடியும் என்கிறார். கிடைக்குமோ கிடைக்காதோ, கிடைக்காவிட்டால் மறுபடி போய் நிற்கிறோம், இந்தத் தடவை காரச்சேவு கிடையாது.

மறுநாள் சாயங்காலம் பொட்டலுக்குக் கிளம்பின அப்பா நேரே பெட்டிக்கடைக்குப் போய், தானே வாயைத் திறந்து வெற்றிலை கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கடைக்காரருக்கு விளங்காமல் திரும்பக் கேட்டாராம், இவரும் கோபப்படாமல் திரும்பச் சொன்னாராம். கோயம்புத்தூர் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ எங்களுக்காக அலைந்து பார்த்து, விசாரித்து, இரவெல்லாம் விழித்திருந்து ஏற்பாடு செய்தாய், உன் கவலை எனக்குத் தெரியாதா அம்மா. அங்கே கம்பி பிடித்து நடக்கலாம், விழுந்தால் தூக்க ஆள் வரும், இங்கே விழுந்தால் நான்தான். ஆனாலும் தெருவே கேட்க நான் வருவேன் என்று சொன்ன மனுசரை, அந்த வாசல் திறக்கும்முன்னே நான் எப்படிக் கூட்டிக்கொண்டு கிளம்புவேன். கோயம்புத்தூர் இடம் வேண்டாம் என்று அங்கே இருக்கிறவர்களுக்கு நீயே சொல்லிவிடு, பக்குவமாகச் சொல், அவர்களும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். உனக்கு என்மேல் வருத்தம் இருந்தால் என்னிடம் காட்டு, அப்பாவிடம் காட்டாதே. இனி போனில் அவர் பேசும்போது நீயாக வார்த்தையை முடித்துக் கொடுக்காதே, நானும் கொடுக்க மாட்டேன். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், அவரே சொல்லட்டும்.

ஹம்ஸினிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு, அந்த ஊர் வெயிலை நம்பி ஈரத்தலையோடு விடாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் மனம் ஒத்து நெடுங்காலம் இருக்க வேண்டும் என்று அம்மையிடம் வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா கோமு,
பேட்டை, திருநெல்வேலி.