ஏரிக்கரையில் வகுப்பு வேண்டாம்

அன்புத் தங்கச்சிக்கு,

ஆண்டவர் படைப்போட அழகைக் காட்ட ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிட்டுப் போறதா எழுதியிருந்தே. வேண்டாம்மா, பூங்காவுக்குப் போங்க. ஏரியில இப்போ ஒரு பறவையும் இறங்கறதில்ல.

நான் நல்லா இருக்கேன். எங்க நீரேற்று நிலையத்துல ஏரித் தண்ணிய சோதிக்கிற கருவி பழுதாகி மூணு வாரம் ஆச்சு. "நேத்து எழுதினதையே எழுதுய்யா"ன்னார் மேலாளர். தினமும் 'நல்லது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடவுளே ஒவ்வொண்ணையும் படைச்சு, பார்த்துட்டுத்தான் நல்லதுன்னு சொன்னார். நான் பார்க்கவேயில்ல.

நேத்து புதுக் கருவி வந்துச்சு. பார்த்துட்டேன்.

போன்ல சொல்ல வாய் வரல, அதான் ஆள்கிட்ட கொடுத்தனுப்பறேன். உன் வீட்டுக் குழாய்ல வர்றதும் அந்தத் தண்ணிதான். கொதிக்க வெச்சும் குடிக்காதே.

பாப்பாவுக்கு வயிறு சரியில்லன்னு கடைசி வரியில எழுதியிருந்தியே, அது எத்தனை நாளா?

உன் அண்ணன்