முப்பத்தேழாவது பீரங்கி

என்னங்க, மூணு நாளா நாம பேசிக்கல, அதனால எழுதி வச்சுட்டு வேலைக்குப் போறேன். சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. சாவி மாட்டுற இடத்துல உங்க மை டப்பா தொங்குது, சாவியைச் செருப்பு ஸ்டாண்டுல பாருங்க.

நாலு மணிக்குப் படம் வாங்குறவர் வருவார். நீங்க அச்சடிச்ச போர்க்கப்பல் படம் நாப்பது பிரதியும் துணிக்கொடியில காய்ஞ்சிருச்சு, கழட்டிக் கொடுத்துடுங்க. என் துணி அஞ்சு நாளா வாளியிலயே கிடக்கு. நாப்பதுக்கு மேல யாரும் அச்சடிக்க முடியாதபடி, அவர் கண் முன்னாடியே நீங்க செதுக்கின அச்சுப் பலகையில குறுக்கே ஒரு கோடு கீறணும். ஒத்துக்கிட்டது நீங்கதான், அந்த நேரத்துல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க.

படத்துல முப்பத்தேழு பீரங்கியில ஒண்ணு குறையுதுன்னு நான் சொன்னதுக்குத்தானே இவ்வளவு கோபம்? காலையில பூதக்கண்ணாடி வச்சு எண்ணினேன். முப்பத்தேழும் இருக்கு. ஒண்ணு கயித்தேணிக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு. போதுமா?

அப்புறம், கப்பலோட பின்பக்க ஜன்னல்ல இடுப்புல கை வச்சுக்கிட்டு கேப்டனைத் திட்டுற பொம்பளையையும் பார்த்தேன். அந்தக் காலத்துப் போர்க்கப்பல்ல என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு யாருங்க நின்னா? இனிமே நாப்பது வீட்டுச் சுவத்துல நான் சண்டை போட்டுக்கிட்டே தொங்கணும்.

கோடு கீறும்போது அவ மேல உளி படாம கீறுங்க.