சின்ன எழுத்தில் ஒரு நீ

அன்புள்ள மகன் கோல்பிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்காலைத் தவிர. அது மட்டும் யார் ஜெபித்தும் கேட்பதாக இல்லை. நீயும் அந்த ஓரிகன் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியாயிற்று, இரண்டு நாள் ஓட்ஸ் கஞ்சி, மூன்றாம் நாள் டாக்டர் சொன்னதை மறந்துவிட்டு பன்றிக்கறி வறுத்துச் சாப்பிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டதும் நான் மழையையும் லாரி டயரையும் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

அக்டோபரில் உன் இசைக்குழு நம் சபையில் வந்து பாடுவதற்காக நீ அனுப்பிய ஐந்து பாட்டும் வந்து சேர்ந்தன. மேடையில் பாடுகிற எதுவும் வேதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க இங்கே மூன்று பேர் கமிட்டி ஒன்று இருப்பது உனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால் அதில் இப்போது நானும் ஒருவன். டிரம்ஸே வேண்டாம் என்று கூட்டத்தில் அதிகம் கத்தியவன் நான், "அப்ப நீங்களே வந்து உக்காந்து பாருங்க பிரதர்" என்று பாஸ்டர் கோர்த்துவிட்டார். மற்ற இருவர் தீவனக் கடை ஓரனும், ஞாயிறு பள்ளி நடத்தும் பெர்னீஸும். நான்கு பாட்டு அரை மணி நேரத்தில் தேறிவிட்டது. ஐந்தாவதில் மாட்டிக்கொண்டோம். "உன் கைப் புழுதியில் என்னைச் செய்தாய், உன் வாசலில் நின்று தட்டினேன், நீ உள்ளே இருந்தாய், திறக்கவில்லை" என்று வருகிறதே, அதில்தான். நம் சபையில் ஆண்டவரைச் சொல்லும் நீ என்றால் முதல் எழுத்து கேப்பிட்டலாக, பெரிதாக இருக்க வேண்டும், மனிதன் என்றால் சின்னது. அதை வைத்துத்தான் இத்தனை காலமும் யார் யாரென்று பிரித்து வந்திருக்கிறோம். நீ என்னடாவென்றால் உன் பெயர் உட்பட முழுப் பாட்டையும் சின்ன எழுத்திலேயே அடித்து அனுப்பியிருக்கிறாய், புள்ளி கிடையாது, கமா கிடையாது. உன்னை நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சபைக் கூடத்தில் உட்கார்ந்தோம். ஓரன் எடுத்த எடுப்பிலேயே சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டார். தட்டினால் திறக்கப்படும் என்று மத்தேயுவில் அவ்வளவு தெளிவாக இருக்கிறது, திறக்கவில்லை என்று பாடினால் ஆண்டவரைப் பொய்யராக்குவது ஆகும் என்றார். நானும் ஆமாம் என்றேன். ஆமாம் என்று சொன்னது நான்தான், அதை மறைக்கவில்லை. பெர்னீஸ் மட்டும் பொறுங்கள் என்று தன்னுடைய சோதனையை ஆரம்பித்தாள். நீ என்று வருகிற இடத்திலெல்லாம் செத்துப்போன தன் கணவர் லீராய் பெயரைப் போட்டுப் பாடிப் பார்ப்பாள், காதல் பாட்டாகப் பொருந்திவிட்டால் அது சபைக்கு ஆகாது. பாடிப் பார்த்துவிட்டு, "லீராய் புழுதியில என்னைச் செஞ்சாராமே! அந்த மனுசனுக்கு ஒரு முக்காலி செய்யக்கூட வராதே" என்று சிரித்தாள். ஆகவே இது ஆண்டவர்தான் என்று முடிவானது. அப்படியென்றால் சங்கீதத்தில் தாவீதும் ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று ஆண்டவரைக் கேட்கிறாரே, அவர் வரியையும் அடித்துவிடுவோமா என்று அவளே கேட்டாள். ஓரன் பேனாவை மூடினார். பிறகு அவள் வேதத்தைக் கடைசிப் புத்தகம் வரை புரட்டி, "வெளிப்படுத்தலைப் பாருங்க, வாசல்ல நின்னு தட்டுறதே ஆண்டவர்தான். திறக்காதவன்தான் உள்ள இருக்கான்" என்றாள். ஓரனுக்குத் தலை சுற்றிவிட்டது, "அப்ப இதுல தட்டுறது ஆண்டவரா, நம்ம கோல்பியா? பாடுறது யாரு, கேக்குறது யாரு?" என்று என்னைப் பார்த்தார். என்னிடம் ஏன் கேட்கிறார் என்று எரிச்சல் வந்தது. முப்பத்தொரு வருஷம் சுண்ணாம்புக் குவாரியில் வேலை பார்த்தவன் நான். எத்தனை தடவை கழுவினாலும் கை வெளுத்துத்தான் இருக்கும், அந்தக் கையோடுதான் உன்னைத் தூக்கினேன். புழுதி என்கிற வார்த்தையை இரண்டாம் தடவை படித்தபோதுதான் அது என் கை என்று பட்டது.

ஒன்பது வருஷத்துக்கு முன் பிப்ரவரியில், ரோடெல்லாம் பனிக்கட்டியாக உறைந்திருந்த ஒரு மத்தியானம் நீ பின்வாசலில் வந்து தட்டினாய். வேதக் கல்லூரியை விட்டுவிட்டு கிடாரோடு போனால் இந்தப் படியை மிதிக்காதே என்று நான் சொல்லி நான்கு மாதம் ஆகியிருந்தது. அம்மா அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். என் லாரி முற்றத்திலேயே நின்றது, நான் வீட்டில் இருப்பது உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அப்பா என்று இரண்டு தடவை கூப்பிட்டாய். நான் சமையலறையில் காபிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். ஏன் திறக்கவில்லை என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியவில்லை மகனே. கோபம் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது யோசித்தால் வெட்கம் போலவும் இருக்கிறது, யார் முதலில் பேசுவது என்கிற வீம்பு போலவும் இருக்கிறது. அந்த வருஷ ஈஸ்டருக்கு நீ அம்மாவுக்குப் போன் செய்தாய், அதிலிருந்து பேசிக்கொள்கிறோம், அந்த மத்தியானத்தைப் பற்றி நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கமிட்டித் தாளில் முதல் கேள்வியே, இந்தப் பாட்டில் நீ என்பது யார் என்பதுதான். ஓரன் கையிலிருந்து பேனாவை வாங்கி அதில் என் பெயரை எழுதினேன். கீழே, பாட்டில் சொன்னது உண்மை, நான் வீட்டில்தான் இருந்தேன் என்றும் எழுதினேன். "அப்ப இது வேதப் பிரச்சினை இல்லியே பிரதர், உங்க வீட்டுப் பிரச்சினைதானே" என்றார் ஓரன், பாவம், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. பெர்னீஸுக்கு அப்போதும் விடவில்லை. கடைசிச் சரணத்தில் உன்னைத் துதிப்பேன் என்று வருகிறதே, அப்பனைத் துதித்தால் விக்கிரக ஆராதனை ஆகாதா என்றாள். என்னைத் துதிக்க எவனுக்கும் முகாந்திரம் இல்லை, அந்த இடத்தில் ஆண்டவராகத்தான் இருக்கும் என்றேன். ஒரே பாட்டில் எந்த வரியில் நான் முடிந்து எந்த வரியில் அவர் தொடங்குகிறார் என்று மூன்று பேரும் விரல் வைத்துத் தேடினோம், எங்களுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் அவர்கள் இருவரும் பாட்டுக்குச் சரி என்று ஓட்டுப் போட்டார்கள். நான் ஓட்டுப் போடவில்லை. அதனால் நீ தாராளமாகப் பாடலாம்.

ஒருவேளை நீ முழுக்க ஆண்டவரையே நினைத்து எழுதியிருந்தால் எனக்கு ஒரு வரி எழுது, தாளில் என் பெயரை அடித்துவிடச் சொல்கிறேன். அடித்தாலும் நான் செய்தது செய்ததுதான். இன்னொன்று. தேறிய தாள்களைக் கூடத்துப் பலகையில் குத்தி வைப்பது இங்கே வழக்கம் என்பது அந்த அவசரத்தில் எனக்கு நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா அதைப் படித்தாள். அன்றைக்கு நீ வந்ததே அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு வைத்துவிட்டுத் தனக்கு வைத்துக்கொள்ளாமல் எதிரே உட்கார்ந்தாள்.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன் தொண்டையையும் விரல்களையும் காப்பாராக. ராத்திரியெல்லாம் வேன் ஓட்டாதே, இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுங்கள், மலைப்பாதையில் மெதுவாக வாருங்கள். அம்மாவுக்கு இந்த வாரமே போன் செய். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "எம்புள்ள எவ்வளவு நேரம் நின்னான்?" தெரியாது என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டேன். என் கையிலிருந்த காபி ஆறி, மேலே ஆடை படியும் வரை நின்றாய்.

உன் அப்பா,
வெண்டல்