வியாழக்கிழமை முதல் திமிங்கலம்

பாசோ லியோன்
12 ஜனவரி 1985, சனி

என் அக்கா இர்மா பெற்ற ஒரே பொக்கிஷமே, சுல்மா,

உன் பெட்டியில் துண்டுக்கும் பல்பொடிக்கும் நடுவே இந்தக் கடிதத்தைத் திருட்டுத்தனமாகச் சொருகியிருக்கிறேன். நீ படிக்கும்போது பஸ் ஊரைத் தாண்டியிருக்கும். உன் அம்மா நான்காவது கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருப்பாள்.

பள்ளிக்கு ஒரு பிள்ளை, கடலோரக் கோடை முகாமில் இருபது நாள். நம் பள்ளிக்கு இந்த யோகம் இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் அடித்தது. 1954இல், பத்து வயதில், பாண்டு வாத்தியம் முழங்க அனுப்பப்பட்ட அந்த மகான் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, கடலையே பார்க்காத இந்த ஊரில் உனக்கு வழிகாட்டத் தகுதியுள்ளவன் நான் ஒருவனே.

திங்கட்கிழமை இறங்கியதும் தலையில் பேன் பார்ப்பார்கள். சலூன்காரன் மருமகள் தலையில் பேன் இருந்தால் நான் கத்தரிக்கோலை ஆற்றில் வீசிவிடுவேன். அடுத்து எடை. சிங்கக்கால் வைத்த இரும்புத் தராசு. நர்ஸ் பெரிய பதிவேட்டில் எழுதுவாள்: வந்தபோது இவ்வளவு, போனபோது இவ்வளவு. பிள்ளைகளைக் கொழுக்கவைத்து அனுப்புவதுதான் அந்த முகாமின் பெருமை. நான் பதினொரு கிலோ ஏறினேன். முகாம் சாதனை! என்னை ஏற்ற பஸ்ஸின் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது.

பச்சைக் கம்பளியில் பாச்சை உருண்டை நாறும். மணிக்குப் பதில் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடிப்பார்கள். சூப்பில் எழுத்து வடிவத்தில் மாவு மிதக்கும். உன் பெயரின் முதல் எழுத்து மட்டும் கிடைக்கவே கிடைக்காது. செவ்வாயன்று மதியத் தூக்கம் கட்டாயம். துணிச்செருப்புப் போட்ட ஆசிரியை சத்தமில்லாமல் வந்து இமை துடிக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். கடல் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் மணல்மேடு மறைத்துவிடும். டாக்டர் எல்லாரையும் பார்த்து முடிக்கும்வரை கடலுக்குப் போகக்கூடாது. புதனன்று சமையலறைக்குப் பின்னால் அத்திமரத்தடியில் வீட்டுக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள். அங்கேதான் பலருக்கும் அழுகை வரும். வீரர்களுக்கு வராது.

வியாழன்தான் கடல்! திமிங்கலங்கள் வரிசையில் நின்று முதுகைக் காட்டும். என்னுடையதன் பெயர் எர்னெஸ்டினா. வெள்ளியன்று ஆப்பிரிக்காவைத் தொட்டுவிட்டுச் சாப்பாட்டு மணிக்குத் திரும்பினேன், சூப் ஆறிப்போயிருந்தது. சனியன்று ஒரு கடற்சிங்கம் எனக்கு முடிவெட்டக் கற்றுக்கொடுத்தது. இன்றுவரை எனக்குச் சோறு போடுவது அந்தக் கடற்சிங்கம்தான்.

மனசு சரியில்லை என்றால் அம்மாவுக்கு எழுதாதே, எனக்கு எழுது. பஸ் டிரைவர் நெல்சனிடம் கொடு, மறுநாளே வந்துவிடும்.

ஏழு கடலையும் வாயில் போட்டுக் கொப்பளித்த உன் மாமன்,
வால்டெமார்


காவியோட்டா முகாம்
16 ஜனவரி, புதன்

அன்புள்ள மாமா,

நான் அத்திமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எழுதியது ஒவ்வொன்றும் அப்படியே நடக்கிறது. பேன் பார்த்தார்கள், இல்லை. என் எடை முப்பத்தொன்று. தராசுக்குச் சிங்கக்கால். தண்டவாளம் அதேதான். சூப்பில் என் எழுத்து வரவில்லை. ஆசிரியை என் மேல் குனிந்தபோது இமை துடித்துவிட்டது.

பக்கத்துக் கட்டில் ரோக்ஸானா, ரிவேரா நகரத்திலிருந்து வந்தவள். எல்லாம் தெரிந்தவள் மாதிரி பேசுகிறாள். “ஏய், ஆடு மேய்க்கிற ஊர்க்காரி! நாளைக்குக் கடலப் பார்த்ததும் ‘மே’ன்னு கத்துவியா?” என்கிறாள்.

மாமா, நீங்கள் சொன்ன அழுகை எனக்கு வந்துவிட்டது. நான் வீரர் இல்லைபோல. ராத்திரியெல்லாம் அந்த இரைச்சல் நிற்பதே இல்லை. நம் ஓடை ராத்திரியில் தூங்கும். இது தூங்கவே மாட்டேன் என்கிறது. நாளைக்கு அதற்குள் இறங்கச் சொல்வார்கள். என்னால் முடியாது. அம்மாவிடம் சொல்லாமல் நீங்கள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சுல்மா


பாசோ லியோன்
18 ஜனவரி, வெள்ளி

என் கண்ணே சுல்மா,

உன் கடிதத்தை சவரக் கத்திப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டேன். உன் அம்மா வந்து, “புள்ளைகிட்டயிருந்து ஏதாவது வந்துச்சாடா?” என்றாள். “கடலரசியா முடிசூட்டிட்டாங்களாம், கடிதம் எழுத நேரமில்லையாம்” என்றேன். முதுகில் ஓர் அடி விழுந்தது.

இதைப் படிக்கும்போது உன் வியாழக்கிழமை முடிந்திருக்கும். எர்னெஸ்டினாவுக்கு வயதாகியிருக்குமே, இன்னும் இருக்கிறாளா? மருந்துக்கடை ஃபகுந்தெஸ் இன்றும் நாற்காலியில் உட்கார்ந்தபடி, “அந்த ஆப்பிரிக்கா கதையச் சொல்லுய்யா, கேட்டுக்கிட்டே தூங்கணும்” என்றார். சொன்னேன். இந்த முறை யானை மேல் ஏறித் திரும்பினேன்.

ஞாயிறுவரை பொறுத்துக்கொள். அப்புறமும் வந்தே தீருவேன் என்றால் நானே வண்டி பிடித்து வருகிறேன். இது சத்தியம், என் வழக்கமான சத்தியங்களில் சேராத சத்தியம்.

வால்டெமார் மாமா


காவியோட்டா முகாம்
20 ஜனவரி, ஞாயிறு

அன்புள்ள மாமா,

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கோபப்படக்கூடாது.

புதன்கிழமைவரை நீங்கள் எழுதியது எல்லாம் சரி. கம்பளி வாசனைகூடச் சரி. வியாழக்கிழமை முதல் ஒன்றுகூடச் சரியில்லை. திமிங்கலம் இல்லாததைச் சொல்லவில்லை. அது நீங்கள் விடும் கதை என்று எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். கயிற்றைச் சொல்கிறேன்.

இங்கே யாரும் சும்மா கடலில் இறங்க முடியாது. நீளமான, கையைக் குத்தும் தடிக் கயிறு ஒன்று இருக்கிறது. அறுபது பேரும் அதைப் பிடித்து வரிசையாக நிற்க வேண்டும். ஒரு விசிலுக்கு உள்ளே, இரண்டு விசிலுக்கு நில், மூன்று விசிலுக்கு வெளியே. அலை வந்தால் மொத்தக் கயிறும் துள்ளும். ஒரு தடவை பிடித்தவர்கள்கூட ராத்திரி சாப்பாட்டில் கயிற்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நீங்கள் இத்தனை வருஷத்தில் யானையைச் சொன்னீர்கள், கயிற்றைச் சொன்னதே இல்லை.

அதனால் நர்ஸ் ஹைதே அம்மாவிடம் போனேன். “எங்க மாமா இங்க பதினோரு கிலோ ஏறினாராம்” என்றேன். “பதினொண்ணா! இது முகாமா, பன்னிப் பண்ணையா?” என்று சிரித்துக்கொண்டே 1954ஆம் வருஷத்துப் பதிவேட்டை எடுத்தார். உங்கள் பெயர் இருந்தது. வந்தபோது: 27.400. போனபோது என்ற கட்டம் காலியாக இருந்தது. பக்கத்தில் பென்சிலில், ‘நான்காம் நாள் காலை, அத்தை அழைத்துச் சென்றார்.’

ஹைதே அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டு, “யார்கிட்டயும் சொல்லாத கண்ணு” என்றார். நான் சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை நானும் கயிற்றைப் பிடிக்கவில்லை. எல்லாருடைய துண்டுகளுக்கும் காவல் உட்கார்ந்தேன். வெள்ளி, சனி, இன்றைக்கும் அப்படித்தான். ரோக்ஸானா என்னைத் ‘துண்டுக்காரி’ என்கிறாள். என் பெட்டி கட்டித் தயாராக இருக்கிறது. ஆனால் பாதியில் போனவர்களுக்கு அப்புறம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யலாம் என்று நினைத்தேன். அப்படிப் போனவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். கதை வேண்டாம் மாமா.

சுல்மா


பாசோ லியோன்
22 ஜனவரி, செவ்வாய்

சுல்மா,

கயிறு எனக்குத் தெரியாது.

இந்த ஒரு வரியை எழுதக் காலையிலிருந்து மூன்று தாள் கிழித்தேன். இரண்டு பேருக்குக் காதோரம் கோணலாக வெட்டிவிட்டேன்.

நீ உட்கார்ந்த அதே அத்திமரத்தடியில் அழுதேன். முகாம் தலைமை ஆசிரியர், இரண்டு மணி நேரத் தொலைவில் மின்னாஸில் இருந்த பொரோத்தா அத்தைக்குத் தந்தி கொடுத்தார். வியாழன் காலை அத்தை லாரியில் வந்தாள். நான் ஏறி உட்கார்ந்த நேரம், மற்றப் பிள்ளைகள் மணல்மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக உச்சிக்குப் போய் மறுபக்கம் மறைந்தார்கள். அப்புறம் ஒரு கத்தல் கேட்டது. அத்தனை பேரும் ஒரே மூச்சில் கத்திய கத்தல். லாரி கிளம்பிவிட்டது.

பாண்டு வாத்தியத்தோடு அனுப்பிய ஊருக்கு மூன்றாம் நாள் முடிந்ததும் எப்படித் திரும்புவேன்? பதினாறு நாள் அத்தை வீட்டு மொட்டைமாடியில் வெயிலில் கிடந்து தோலைக் கறுக்க வைத்தேன். முகாம் பஸ் மின்னாஸ் வழியாக வந்தபோது ஏறிக்கொண்டேன். கடலில் எடுத்தது என்று சலூன் அலமாரியில் நான் வைத்திருக்கும் சங்கு, அத்தை வீட்டுக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுத்த சங்கு.

பாதியில் வந்தவனுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டாய். மோசமாக ஒன்றும் ஆகவில்லை. தொழில் கற்றேன், சாப்பிட்டேன், குண்டானேன். ஆனால் அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் எதைப் பார்த்துக் கத்தினார்கள் என்று முப்பத்தொரு வருஷமாக யோசிக்கிறேன். திமிங்கலம் வைத்துப் பார்த்தேன், ஆப்பிரிக்காவை வைத்தேன், யானை வைத்தேன். எதுவும் அந்தக் கத்தலுக்குப் போதவில்லை.

நீ ‘வா’ என்று ஒரு வார்த்தை எழுது, உடனே வண்டி எடுக்கிறேன். வழியில் ஒரு கேலிகூடப் பேச மாட்டேன். நீ என்ன முடிவு செய்தாலும் எனக்கு நீ அதே சுல்மாதான்.

மாமா


காவியோட்டா முகாம்
24 ஜனவரி, வியாழன்

அன்புள்ள மாமா,

வாருங்கள்.

ஆனால் பெட்டியைப் பிரித்துவிட்டேன். உங்கள் கடிதம் நேற்று மதியத் தூக்க நேரத்தில் வந்தது. கம்பளிக்குள் ஒளித்துப் படித்தேன். ஆசிரியை பிடித்துவிட்டாள், பரவாயில்லை. மாலையில் துண்டுகளை மணலில் வைத்துவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடித்தேன். ரோக்ஸானா, “துண்டுக்காரி வந்துட்டா! அலை, ஓடிப்போயிரு!” என்றாள். முதல் அலைக்கு அவள்தான் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அலறினாள். அவளும் கடலைப் பார்த்தது இங்கே வந்த பிறகுதானாம்! இன்றைக்குக் கழுத்துவரை போனோம்.

எதற்குக் கத்தினார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். எழுத மாட்டேன். ஞாயிறு குடும்ப நாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வாருங்கள். நீச்சல் உடை இல்லை என்றால் பழைய கால்சட்டை போதும். வராவிட்டால் ஃபகுந்தெஸுக்குத் தனியாக ஒரு கடிதம் போடுவேன்.

சுல்மா
(எடை இப்போதே முப்பத்திரண்டரை)


பாசோ லியோன்
30 ஜனவரி, புதன்

கயிற்றின் ராணி, அலைகளை அடக்கியவள், மாமனைக் கழுத்துவரை நனைத்த மாவீரி சுல்மாவின் சமூகத்துக்கு,

காதில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. எடுக்க விடமாட்டேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். முப்பத்தொரு வருஷம் காத்திருந்து வாங்கிய தண்ணீர்.

உன் அம்மா ஊரெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறாள்: “மேட்டு உச்சிக்குப் போனான் பாரு, அப்படியே நின்னான். அப்புறம் கத்தினான் பாரு ஒரு கத்து, அங்கிருந்த நாய் நாலும் ஓடிப்போச்சு.” நாய் இரண்டுதான். இந்தக் குடும்பத்தில் மிகைப்படுத்துவது யாரிடமிருந்து வந்தது என்று இப்போதாவது புரிகிறதா?

திங்களன்று சலூனைத் திறந்ததும் எல்லாரையும் உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். அத்திமரம், லாரி, மொட்டைமாடி, கதவு முட்டு எல்லாம். நான் கடலில் கால் வைத்ததே நேற்றுத்தான் என்றேன். இரண்டு எட்டு வயதுப் பொடிசுகளுக்கு நடுவே கயிற்றைப் பிடித்து நின்றதைச் சொன்னேன்.  அப்புறம் ஃபகுந்தெஸ் முகத்துச் சோப்பு நுரையோடு எழுந்தார்.

“வால்டெமார், திமிங்கலத்துக்குப் பேர் வச்ச, பொறுத்துக்கிட்டேன். கடற்சிங்கம் கத்தரிக்கோல் பிடிச்சுது, போகட்டும்னு விட்டேன். கயிறப் பிடிச்சுக்கிட்டு விசிலுக்கு விசில் அறுபது பேர் கடல்ல எறங்குறாங்களா? யார்கிட்ட காது குத்துற?”

திமிங்கலத்தை நம்பியவர்கள் கயிற்றை நம்பவில்லை, சுல்மா!

அப்போதுதான் ஞாயிறன்று ஹைதே அம்மா என்னை எடை பார்த்து முத்திரை குத்திக் கொடுத்த சீட்டை எடுத்துக் கண்ணாடிக்கு மேல் ஒட்டினேன். ஃபகுந்தெஸ் மூக்குக்கண்ணாடி போட்டு உரக்கப் படித்தார்: “டெச்செய்ரா, வால்டெமார். வந்தபோது, ஜனவரி 1954, 27.400. போனபோது, ஜனவரி 1985, 94.100. ஏறியது அறுபத்தாறு கிலோ எழுநூறு கிராம். முகாம் சாதனை.”

“பொய்ச் சீட்டு” என்றார்.

“உன் கடையிலதான தராசு இருக்கு? வா” என்றேன்.

சலூன் மொத்தமும் தெருவைக் கடந்து மருந்துக்கடைக்குப் போனது. தராசில் ஏறினேன். முள் தொண்ணூற்று நான்கையும் தாண்டி நின்றது. ஞாயிறன்று நீ கட்டிக்கொடுத்த இனிப்பு ரொட்டிகள் அதில் சேர்த்தி. ஃபகுந்தெஸ் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். அவர் முடிவெட்டிக்கொள்ளும்போதுகூட அதைப் பாதிதான் தூக்குவார். பதினொரு கிலோ என்று நான் அளந்துகொண்டிருந்தேனே, எவ்வளவு அடக்கமான பொய்யனாக இருந்திருக்கிறேன்!

சங்கு அலமாரியிலேயே இருக்கிறது. ‘அத்தையின் கதவு முட்டு’ என்று சீட்டு எழுதி வைத்துவிட்டேன். முன்பைவிட அதிகம் பேர் எடுத்துக் காதில் வைக்கிறார்கள்.

சனிக்கிழமை நீ வந்திறங்கும்போது பாண்டு வாத்தியம் நிற்கும். டிரம்பெட் என் பொறுப்பு. ஊதத் தெரியாது, அதனால் யாரும் தடுக்க முடியாது. கடல் எப்படி இருந்தது என்று கேட்பார்கள். கயிற்றைச் சொல். நம்ப மாட்டார்கள். அப்போது, ஞாயிறன்று என்னோடு மேட்டு உச்சியில் கத்தினாயே, அதே கத்தலைக் கத்திக் காட்டு.

பக்கத்தில் நின்று நானும் கத்துகிறேன். இப்போது எனக்கும் தெரியும்.

உன் சக முகாம்வாசி,
வால்டெமார்