இடது மட்கார்டின் நிறம்

என் பிரியமான டாக்டருக்கு,

ஊரார் அழைத்த பெயராலேயே உங்களை அழைத்துப் பழகிவிட்டேன். இனி மாற்றிக்கொள்வதாக இல்லை. கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று கன்னியாஸ்திரிகள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் நான் கோபமாக இருக்கிறேன். நேராகவே கேட்டுவிடுகிறேன்.

நம் காரின் இடது பக்க முன் மட்கார்டைப் பற்றி ஏன் என்னிடம் சொல்லவில்லை?

இதை நம் கோவிலின் பங்கு மடலுக்கே அனுப்புகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் மறைவுச் செய்தி அதில்தான் வந்தது. "பத்து ஆண்டுகள் ஒரு கீறல்கூட விழாமல் கார் ஓட்டியவர், அவருடைய நிதானத்துக்கு அதுவே சாட்சி" என்று அதில் ஒரு வரி. எழுதிக் கொடுத்தவள் நான்தான். தவறான செய்தியை எங்கே அச்சடித்தோமோ அங்கேயே திருத்துவதுதான் ஒழுங்கு.

நீங்கள் போன பிறகு நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். உங்கள் கம்பவுண்டர் ஏசுதாஸ்தான் பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நீங்கள் ஒரே ஒரு நாள் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து, அரை மணியில் இறங்கிவிட்டீர்கள். "ஸ்டெல்லா, நீ ரோட்டப் பாக்க மாட்டே. எதிர்ல வர்றவன் ஒழுங்கா வர்றானான்னுதான் பாப்பே" என்றீர்கள். இருந்தும் இந்த வயதில் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினேன். இன்னொருவர் சௌகரியத்துக்காக வாசலில் காத்து நிற்பது எனக்கு ஒத்துவராது. பூசைக்கும், பொன்னேரியில் இருக்கும் தங்கை வீட்டுக்கும், உங்கள் கல்லறைக்கும் நானே ஓட்டிக்கொண்டு போய்வந்தேன்.

போன மாதம் பொன்னேரிச் சாலையில் ஒரு நெல் வண்டி எதிரே வந்தது. மாட்டு வண்டி. என் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. நான் சரியான பக்கத்தில் இருந்தேன். சரியான பக்கத்தில் இருப்பவள் எதற்காக ஒதுங்க வேண்டும்? நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கடைசி நிமிடத்தில் வண்டிக்காரர் மாடுகளைத் திருப்பினார். சக்கரத்தின் அச்சு முனை என் பக்கத்துக் கதவை உள்ளே அழுத்தி, ஒரு முழ நீளத்துக்குக் கீறிக்கொண்டு போனது.

நான் இறங்கிச் சாலை விதியைச் சொன்னேன். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனுக்குப் புரிது தாயி. மாட்டாண்ட யாரு சொல்றது?" என்றார்.

நீங்கள் அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் ஜெயராஜ் பம்பாயிலிருந்து எழுதிய கடிதம் மேஜைமேல் கிடந்தது. அடுத்த சனிக்கிழமை வருகிறானாம். காரை வாங்க அவனுடைய நண்பர் ஒருவர் தயாராக இருக்கிறாராம். "அப்பா ஒரு கீறல்கூட விழாமல் வைத்திருந்த வண்டி, அதை அப்படியே நல்ல நிலையில் கைமாற்றிவிடலாம்" என்று எழுதியிருந்தான் உங்கள் மகன். அம்மா கையில் அது நல்ல நிலையில் இருக்காது என்பதுதான் அதன் அர்த்தம். இந்தக் கதவு அவன் கண்ணில் பட்டால், வண்டியை நானே ஓட்டிக்கொள்வேன் என்ற என் வாதம் என்ன ஆகும்? வண்டி போய்விடும். பிறகு எங்கே போவதானாலும் யாராவது கூட்டிப்போக வேண்டும்.

அதனால் கதவை யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட முடிவு செய்தேன்.

காக்களூரில் புதிது புதிதாகத் தகர ஷெட்டுகள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றில் கன்னியப்பன் என்ற பெயிண்டர் இருக்கிறார். கதவின் பள்ளத்தை எடுத்து, பட்டி என்ற பசையைப் பூசி நிரப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணாடிபோல் சமமாக்கிவிட்டார். தகரவேலையில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நிறத்தில்தான் சனியன் பிடித்தது.

நம் காரின் நிறத்துக்கு நாம் இருவரும் கடைசிவரை ஒரு பெயர் வைக்கவில்லை, நினைவிருக்கிறதா? நீங்கள் நீலம் என்பீர்கள். நான் சாம்பல் என்பேன். கன்னியப்பன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது ரெண்டுங்கெட்டான் கலரும்மா, நெறைய பேஜாரு குடுக்கும்" என்றார். அந்தப் பெயிண்ட் இப்போது டின்னில் வருவதில்லையாம். வெள்ளையில் கொஞ்சம் கறுப்பும் நீலமும் விட்டு, கண்ணால் பார்த்துத்தான் கலக்க வேண்டும். கலந்ததை ஒரு தகரத் துண்டில் அடித்து, காயவைத்து, வண்டிமேல் வைத்துப் பார்ப்பார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் அதைவிடக் கொஞ்சம் அழுத்தமான நிறம்.

கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் தகரத்தோடு ஒட்டிப் பார்க்கப் போனவரை நான் தடுத்தேன். வலது பக்கம் போர்ட்டிகோவில் மேற்கு வெயிலைப் பார்த்து நிற்கும் பக்கம். வெயிலில் செத்த நிறத்தைப் பார்த்து எதற்குக் கலக்க வேண்டும்? அவரை இடது பக்கத்துக்கு அழைத்துப்போய் முன் மட்கார்டைக் காட்டினேன். வண்டியிலேயே பளபளப்பாக இருக்கும் இடம் அதுதான். விருந்தினர் வந்தால் நான் அதைத் தொட்டுக்காட்டி, கம்பெனியிலிருந்து வந்த அசல் நிறம் இதுதான் என்று சொல்வேனே, நீங்களும் பக்கத்தில் நின்று தலையாட்டுவீர்களே!

எப்படி டாக்டர், எப்படித் தலையாட்டினீர்கள்?

"டாக்டரம்மா, பக்கத்துல கீற கலரப் பாத்து அடிக்கணும். அந்தாண்ட கீறதப் பாத்து இந்தாண்ட அடிச்சா எப்டி சேரும்?" என்று கன்னியப்பன் கேட்டார். வலது பக்கம் முழுவதையும் பாலிஷ் போட்டால் பழைய நிறம் மேலே வந்துவிடும், அப்போது சேரும் என்றேன். என் தர்க்கத்தில் பிழை இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை. பிழை மட்கார்டில் இருந்தது.

கதவுக்கு மூன்று தடவை பெயிண்ட் அடித்தார். ஒவ்வொரு தடவையும் தகரத் துண்டு இடது மட்கார்டோடு ஒன்றாகவே சேர்ந்தது. எது துண்டு, எது மட்கார்டு என்று தெரியவில்லை. ஆனால் கதவில் அடித்து வெயிலுக்குக் கொண்டுவந்தால், பாதிரியார் அங்கியில் பள்ளிச் சீருடைத் துணியை ஒட்டுப்போட்டதுபோல் தனியாக நின்றது. ஷெட்டில் எரியும் மஞ்சள் பல்பைக் குறை சொன்னேன். அவருடைய தின்னரைக் குறை சொன்னேன். மூன்றாவது தடவை அவருடைய கண்ணையே குறை சொன்னேன். சனிக்கிழமைக்கு மூன்று நாள்தான் பாக்கி இருந்தது. வலது பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பாலிஷ் போட்டதில் அவர் தோள் இறங்கிப்போயிருந்தது. பழைய நிறம் பளிச்சென்று மேலே வந்துவிட்டது. அப்படியும் கதவோடு சேரவில்லை.

அந்த மனிதர் கோபப்படவில்லை. இடது பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மட்கார்டின் கீழ் விளிம்பை உள்பக்கமாகத் திருப்புளியால் சுரண்டினார். விரலில் ஒட்டிய தூளை வெளிச்சத்தில் பார்த்தார்.

"இங்க வாம்மா. இது கம்பெனி பெயிண்ட் இல்ல. அடியில பட்டி கீது. யாரோ நல்ல வேலக்காரன் பாத்துருக்கான். ஐயா எங்கியோ இட்ச்சிருக்காரு."

ஐயா இடித்திருக்க மாட்டார் என்றேன். அவர் வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்றேன். கன்னியப்பன் அந்தத் தூளை என் உள்ளங்கையில் தட்டிவிட்டு பீடி குடிக்கப் போனார்.

நான் நேராக ஏசுதாஸ் வீட்டுக்குப் போனேன். உங்கள் கம்பவுண்டர் மருந்து கலப்பதில்தான் கெட்டிக்காரர், பொய் சொல்வதில் அல்ல. உள்ளங்கையை நீட்டியதும் உட்கார்ந்துவிட்டார். "ஐயா சத்தியம் வாங்கினாரும்மா" என்றார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ரயில்வே கேட் கம்பத்தில் நீங்கள் இடித்ததை அவர் சொன்னார். மூடியிருந்த கேட் திறக்கும்வரை காத்திருந்து, திறந்த பிறகு இடித்தீர்களாமே. அதற்கு எவ்வளவு திறமை வேண்டும்!

வண்டியை மெட்ராஸில் விட்டுவிட்டு, அது முடியும்வரை மூன்று நாள் அங்கேயே தங்கினீர்கள். எனக்கு டாக்டர்கள் மாநாடு என்று சொன்னீர்கள். எதைப் பற்றி என்று கேட்டேன். கல்லீரல் என்றீர்கள். அதைப் பற்றி நான் இரண்டு கேள்வி கேட்டேன், இரண்டுக்கும் விளக்கமாகப் பதில் சொன்னீர்கள். கூடவே எனக்கு ஒரு டின் பிஸ்கட்டும் வாங்கிவந்தீர்கள். அந்த மூன்று இரவும் எங்கே தங்கினீர்கள் டாக்டர்?

என் வாய்க்குப் பயந்துதானே மறைத்தீர்கள்? உண்மைதான், நான் பேசியிருப்பேன். ஒரு வருடம் பேசியிருப்பேன். அதோடு முடிந்திருக்கும். நீங்கள் வாயைத் திறக்காததால் என்ன ஆயிற்று பாருங்கள். நீங்கள் கீறலே விழாத மனிதராகிவிட்டீர்கள். அந்தப் பெயரை வைத்துத்தான் உங்கள் மகன் என் சாவியைக் கேட்கிறான்.

மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். கன்னியப்பன் முகம் மலர்ந்திருந்தது. பக்கத்தில் இருக்கும் பின்கதவைப் பார்த்து நான்காவதாக ஒரு கலவை செய்திருந்தார். தகரத் துண்டை வெயிலில் வைத்துக் காட்டினார். கண்ணுக்குத் தெரியவே இல்லை, அப்படிச் சேர்ந்திருந்தது. "நாளிக்கு அட்ச்சிக் குடுத்துர்றேன்மா. உம் புள்ள பூதக்கண்ணாடி வச்சிப் பாத்தாலும் தெரியாது" என்றார்.

எனக்கு வேண்டியது அதுதானே. இந்த வார்த்தைக்காகத்தானே அந்த மனிதரைப் பாடாய்ப் படுத்தினேன். துண்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தேன். பிறகு, இப்போது வேண்டாம், கலவையை மூடி வையுங்கள், வண்டியை இப்படியே எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை அதிகம் இல்லை.

சனிக்கிழமை ஜெயராஜ் வந்தான். போர்ட்டிகோவில் பெட்டியை வைக்கும் முன்பே கதவைப் பார்த்துவிட்டான்.

"என்னம்மா இது?"

"நான் இடிச்சேன். நெல் வண்டி. இந்தப் பக்கம் வா."

கையைப் பிடித்து இடது பக்கம் கூட்டிப்போனேன். கன்னியப்பன் சுரண்டிய இடத்தைக் குனிந்து பார்க்கச் சொன்னேன்.

"இது உங்கப்பா இடிச்சது. கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட்டு."

"அப்பாவா?"

"அதுக்கப்புறமும் ஏழு வருஷம் ஓட்டினார். வண்டிய வித்துடலாம்னு யாராவது சொன்னோமா?"

"நமக்குத் தெரியாதேம்மா."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பியா?"

அவன் உங்கள் மட்கார்டைத் தடவிக்கொண்டே நின்றான். அவன் கண் கலங்கியதா, எரிச்சலா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. சாப்பிட்ட பிறகு, வண்டி விற்பதற்கில்லை என்று பம்பாய் நண்பருக்கு எழுதிவிடுவதாக மட்டும் சொன்னான்.

ஞாயிறு சாயங்காலம் நானே அவனை ஸ்டேஷனுக்குக் கொண்டுவிட்டேன். வழி முழுக்க முன்னால் இருந்த பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தான். இறங்கும்போது, "எதிர்ல வண்டி வந்தா கொஞ்சம் ஒதுங்கிக் குடும்மா" என்றான். குரல் அப்படியே உங்களுடையது. யோசிக்கிறேன் என்றேன்.

கன்னியப்பன் அந்தக் கலவையை மூடி வைத்திருக்கிறார். கல்லறைத் திருநாள் முடிந்ததும் கதவுக்கு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். மறைப்பதற்காக அல்ல, பொருந்தாத நிறத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது, உங்களுக்கே தெரியும். மூன்று தடவை அவர் கண்ணைக் குறை சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். "ஒரு தபா தாம்மா கண்ணச் சொன்ன, மீதி ரெண்டும் பல்பும் தின்னரும்" என்று திருத்தினார். உங்கள் மட்கார்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். அது இருக்கிறபடியே இருக்கட்டும்.

கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியும் சாமந்தியும் எடுத்துக்கொண்டு நானே ஓட்டிவருவேன். இது சத்தியம். வண்டியை உங்கள் தலைமாட்டிலிருந்து இடது மட்கார்டு தெரியும்படி நிறுத்துவேன். அதைப் பற்றி ஒரு வருடம் பேச வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது. அன்றைக்கு ஆரம்பிக்கிறேன்.

இரண்டு கேள்வி கேட்டும் கண்டுபிடிக்காமல் விட்ட,
உங்கள் மனைவி
ஸ்டெல்லா