கணுக்கால் மெஷினும் பாதபூஜையும்

ஆகஸ்ட் 9

சொன்னால் வெட்கம். சம்பந்தியம்மா சீதாலெட்சுமியிடம் வாய் கூசாமல் ஒரு பொய் சொல்லிவிட்டேன். மகள் கல்யாணத்துத் தாம்பூலப் பை காட்டக் காஜாங்கிலிருந்து வந்தவர், என் சேலை ஓரம் விலகினதில் கணுக்காலில் இருக்கிற கருப்பு மெஷினைப் பார்த்துவிட்டார்.

"என்னங்க அது?"

"சீனி வியாதிக்குங்க. நடக்க நடக்க சீனி எவ்வளவுன்னு காட்டும்."

"அப்படியா! எங்கே வாங்குனீங்க? எங்க வீட்டுக்காரருக்கும் ஒன்னு வேணும்."

கோர்ட்டில் கொடுத்தாங்கன்னா சொல்ல முடியும்? "ஸ்டாக் முடிஞ்சிருச்சுங்க" என்றேன். என் வீட்டுக்காரர் சுகுமாறன் காப்பியைத் துப்பாமல் விழுங்கினதே பெரிசு.

ஆகஸ்ட் 10

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். பாசார் சந்தையில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். நகராண்மைக் கழகத்து அமலாக்க ஆள் வந்து, லைசென்ஸ் இல்லை என்று என் அடுப்பைத் தூக்கி லோரியில் ஏற்றினார். என் கையில் ஜல்லிக்கரண்டி. அவர் மணிக்கட்டில் ஒரே போடு, எலும்பு விட்டுப்போச்சு. பாவம், சின்ன வயசு.

ஜெயிலுக்குப் பதிலாக ஆறு மாசம் வீட்டிலேயே இரு, காலில் இது இருக்கட்டும் என்றார் ஜட்ஜ். கடைத்தெரு முனை வரைக்கும் போகலாம். தாண்டினால் கத்தும். தினமும் சுவரில் ஒயரை மாட்டி, கட்டிப்போட்ட ஆடு மாதிரி உட்கார்ந்து காலுக்கு சார்ஜ் ஏற்றணும்.

நான் உள்ளே இருக்கேனா, வெளியே இருக்கேனா? எனக்கே புரியலை. உள்ளே இருந்தால் சமைக்கிற வேலையாவது மிச்சம்.

ஆகஸ்ட் 14

மகள் லோகேஸ்வரி பிரிக்பீல்ட்ஸில் சேலை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் சொன்ன பொய்யை அவள் அப்பா அதற்குள் ஒப்பித்துவிட்டார்.

"ஏம்மா பொய் சொன்னே?"

"உன் மானத்துக்குத்தான்டி."

"என் மானம் உன் கால்லயா இருக்கு?"

சேலையை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமலே, "பாதபூஜைக்குப் பெரியம்மாவும் பெரியப்பாவும் உட்காரட்டும்மா" என்றாள்.

பெரியம்மா என்றால் என் அக்கா பவுனம்மாள். "அவ பித்தவெடிப்புக்குப் பால் இன்னும் ரெண்டு பாக்கெட் வாங்கணும்டி" என்றேன். அவள் சிரிக்கலை.

தாம்பாளத்தில் என் காலை வைத்தால் மண்டபமே மெஷினைப் பார்க்கும். அது தெரியும். ஆனால் இவள் வெட்கப்படுகிறாளா, இல்லை நான் வெட்கப்படக் கூடாது என்று சொல்கிறாளா? பெத்தவளுக்கே தெரியலைன்னா வேற யாருக்குத்தான் தெரியும்?

ஆகஸ்ட் 15

சோறு இறங்கலை. சார்ஜ் மட்டும் ஏறுது.

ஆகஸ்ட் 20

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி, அந்த மலாய்க்கார அம்மா, புவான் என்றுதான் மரியாதையாகக் கூப்பிடணும், போன் செய்தார். மண்டபத்துக்குக் காலையிலிருந்து நாலு மணி வரை அனுமதி.

"முகூர்த்தம் வரைக்குமாவது கழட்டிவிடக் கூடாதா, புவான்?"

"தா போலே லா, காக்."

முடியாதாம். அக்கா என்று கூப்பிட்டுத்தான் முடியாது என்கிறார். கோபப்படவும் வழியில்லை.

ஆகஸ்ட் 23

சம்பந்தியம்மாவுக்கு நானே போன் போட்டேன். "சீனி இல்லீங்க. ஒரு ஆளை அடிச்சிட்டேன். கோர்ட்டுல கட்டிவிட்டாங்க."

"எதால அடிச்சீங்க?"

"ஜல்லிக்கரண்டிங்க."

"ம்." அப்புறம், "வெத்தலை எத்தனை கட்டு சொல்லியிருக்கீங்க?"

அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்? இவரைக் கேட்டேன். "ம்னா ம்தான்" என்றார். போயும் போயும் இவரைக் கேட்டேன் பார்! உண்மையைச் சொல்லிட்டேன்டி என்று லோகேஸ்வரியிடம் சொன்னால், அவளும் "ம்" என்கிறாள். எல்லாரும் எருமையாயிட்டாங்களா?

ஆகஸ்ட் 29

அக்காவுக்குப் போன் செய்து, "நாளைக்குக் காலு ரெண்டையும் நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு வா, பாதபூஜைக்கு நீதான் உட்காரணும்" என்றேன்.

"நானா? லோகேஸ்வரி என்கிட்ட ஒன்னும் சொல்லலையே."

சொல்லலையா? ரெண்டு வாரமாச்சே — மறந்துட்டாளா? இல்லை வேற யாரையாவது பிடிச்சிருக்காளா? கேட்கலாம்னு அவ ரூம் கதவு வரைக்கும் போனேன். மருதாணிக் கையோட தூங்கிட்டிருந்தா. திரும்பி வந்துட்டேன்.

ஆகஸ்ட் 30

தாலி ஏறிருச்சு. இடுப்பு விட்டுப்போச்சு. அப்புறம் எழுதறேன்.

செப்டம்பர் 1

மெஷின் செத்துப்போச்சு என்று புவான் ஆபீசுக்கு வரச் சொன்னார். பட்டையை வெட்டி எடுத்து, மூக்குக்கிட்ட கொண்டு போனார்.

"பால் வாசனை."

"பால்தான், புவான்."

"ஏன் ஊத்துனீங்க?"

"நான் ஊத்தலை. மகள். வேணாம்டி, பெரியம்மா இருக்காள்லன்னு காலை இழுத்தேன். விடலை. சேலையை அவளே தூக்கிவிட்டா."

"இந்தச் சிவப்பு? ரத்தமா?"

"குங்குமம். மெஷினுக்கும் வச்சுட்டா. சம்பந்தியம்மா பக்கத்துல நின்னுக்கிட்டு, அதுக்கும் ரெண்டு பூ போடும்மான்னாங்க."

சார்ஜ் போடுகிற ஓட்டையிலிருந்து மல்லிகை இதழ் ஒன்றைப் புவான் ஊசியால் எடுத்தார். தண்ணீர் புகாது என்று மெஷினைச் செய்தவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். பாலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையாம்.

புது மெஷினை இடது காலில் மாட்டினார்கள்.

கல்யாணத்தன்று, சனிக்கிழமை, மெஷின் அணைந்ததிலிருந்து நான் தப்பி ஓடிவிட்டதாகக் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறது. அப்போது நான் இரண்டாம் பந்திக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.